மாணவர் பல்லியமும் வணிகர் கொடையும்

அறம் பலவகைப்படும். பசித்தார்க்குச் சோறும், பிணியுற்றார்க்கு மருந்தும், கல்லாதார்க்குக் கல்வியும் ஈதல் அறமென்பதில் எவர்க்கும் ஐயமின்று. ஆயின், கல்லூரியிற் பயிலும் இளைஞன் ஒருவன் கையில் ஓர் இசைக்கருவியைக் கொடுத்து, 'நின் தோழரோடு கூடி இதனைப் பழகுவாயாக. அதற்காகும் செலவை யாம் ஏற்போம்' என்று கூறுதலும் அறத்தின்பாற்படுமோ என்று வினவின், நம்மவருட் பலர் விடை கூறத் தயங்குவர். சிலர் நகைக்கவுஞ் செய்வர்.

நாம் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு இருபது ஆண்டுகட்கு மேலாயின. நம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன் வயலின் வாசிப்பதில் நல்ல பயிற்சியுடையவன். அவன் கல்லூரி புகுந்த ஆண்டில், விடுதிக் கட்டணத்துக்காகத் தன் வயலினை விற்றுவிட்டான். பிறிதொருநாள் அவனைக் கண்டு, 'இப்பொழுது வாசிப்பதுண்டோ?' என்று கேட்டோம். 'இல்லை ஐயா' என்று கூறித் தன் இடக்கை விரல்களை நோக்கினான். அவன் வேறொன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அவன் கட்டணத்துக்கு உதவுவதற்கு நிதிகள் பலவுள்ளன. அவனுக்கு அவற்றின் வழி தெரியவில்லை. அவன் இசைக்கு உதவுவதற்கோ ஒரு நிதியும் இல்லை. இக்குறை நம் நெஞ்சை விட்டு நீங்காமையால், மாணவர் இசையைப் பிறநாட்டார் எங்ஙனம் புரந்தனர் என்று ஆராயத் தொடங்கினோம். அங்ஙனம் ஆராய்ந்தவற்றுள் ஜெர்மனி நாட்டு லைப்சிக் நகரத்தின் வரலாறு மிக்க பயனுடையதாகத் தோன்றிற்று. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பல இயங்கள் ஒருங்கே இயம்புதலைப் பல்லியம் என்பது தமிழ் வழக்கு. மேனாட்டார் ஆர்க்கெஸ்ட்ரா என்று வழங்குவதனை இக்கட்டுரையில் அப்பெயராலேயே குறிப்போம்.

லைப்சிக் ஒரு வணிக நகரம். ஆண்டுதோறும் மும்முறை, புத்தாண்டிலும் ஈஸ்டர் திருநாளிலும் இலையுதிர் காலத்து மிக்கேல் திருநாளிலும், அங்குப் பெருஞ்சந்தைகள் கூடும். பல நாட்டு வணிகரும் அவற்றுக்கு வந்து பண்டமாற்றுவர். அந்நகரத்திலேயே 1409-ஆம் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகமும் தோன்றியது. அங்கு அரசனது அவையில்லை. சாக்சனி நாட்டு மன்னர் டிரெஸ்டன் நகரிலிருந்து ஆண்டனர். ஆதலின், டிரெஸ்டனில் அரசன் பொருளால் வளர்ந்த இசை, லைப்சிக்கில் மாணவர் உழைப்பாலும் வணிகர் பொருளாலுமே வளர வேண்டியதாயிற்று. அரசர் புரவலராக இல்லாத நாட்டில் வாழும் நமக்கு இச்செய்தி பெரிதும் உரியதென்க.

1701-ஆம் ஆண்டில் கெயோர்க் பிலிப் தெலமான் என்னும் இருபது வயது இளைஞர் சட்டம் பயிலுமாறு லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவர் தந்தையார் இளமையிலேயே இறந்தார். இசை பிழைப்புக்கு ஆகாதென்று கருதிய அன்னையார், மகன் சிறுவனாயிருந்தபொழுதே அவன் கருவிகளைப் பறித்து வைத்தவர். அன்னையின் சொற்கடவாது இசையைத் துறந்துவிடுவதென்ற துணிவோடே தெலமான் லைப்சிக் புக்கார். ஆயினும், அவர் இயற்றிய பாடலொன்றை உடனுறைந்த தோழர் கண்டெடுக்க, அது தாமஸ் திருக்கோயிலிற் பாடப்பெற்றது. நகரத் தலைவர் அதனை உவந்து, இரு வாரத்துக்கு ஒருமுறை புதிய பாடல் இயற்றித் தருமாறு பணித்துப் பொருளும் கொடுத்தார். மறைத்து வைத்த விளக்கின் ஒளி கதவிடுக்கால் வெளிப்பட்டவாறு போலும் இஃது.

அடுத்த ஆண்டில், அஃதாவது 1702-இல், தெலமான் தம்மோடு பயின்ற மாணவரைத் திரட்டி ஓர் இசைக்கழகம் அமைத்தார். 'கொல்லேகியம் மூசிக்கம்' என்பது அதன் இலத்தீன் பெயர். அதில் நாற்பது மாணவர் வரை கூடி வாசித்தனர் என்று அவரே பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். அம்மாணவருட் பலர் சட்டம் பயின்றவர். இசையைப் பிழைப்பாகக் கொள்ளும் எண்ணத்தோடு வந்தவரல்லர். எனினும் அக்கழகத்தில் வாசித்த ஹைனிகெனும் பிசெண்டலும் பின்னர் டிரெஸ்டன் அரசவை இசையில் உயர்நிலை எய்தினர். 1708-ஆம் ஆண்டில் பாஷ் என்னும் மற்றொரு மாணவர் இரண்டாவதொரு கழகத்தைத் தொடங்கினார். ஒரே ஊரில், மாணவர் தாமே நடத்திய பல்லியங்கள் இரண்டு!

இக்கழகங்களுக்கு முதற்கண் இடங்கொடுத்தவர் யாவர் எனின், காப்பிக்கடைக்காரர். தெலமான் கழகம் பின்னர்க் கூடியது சிம்மெர்மான் என்பவருடைய காப்பி இல்லத்தில். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் இரவு 8 மணி முதல் 10 மணி வரை அவ்வில்லத்திலும், கோடைகாலத்தில் புதன்கிழமைதோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை நகர்ப்புறத்திலிருந்த அவருடைய தோட்டத்திலும் இசை நிகழ்ந்தது. சந்தை கூடுங் காலத்தில் வாரத்துக்கு இருமுறை நிகழும். இசை கேட்க வருவோர் காப்பி பருகுவர். கடைக்கு ஊதியம் உண்டு. ஆதலின் இதனை முழுக்கொடை என்று கூறுதல் மிகையாம். எனினும், அமர்ந்து பழகுதற்கு விளக்கொளியோடு கூடிய ஓரிடம் தவறாது கிடைப்பது இளைஞர்க்கு எத்துணைப் பேருதவி என்பதை, வீட்டில் வாசித்தால் அண்டை வீட்டாரால் வையப்படும் நம் பிள்ளைகளைக் கேட்டறிக.

நிற்க. யோகான் செபாஸ்தியான் பாக் என்னும் இசைப்பேரறிஞர் 1723-ஆம் ஆண்டில் தாமஸ் பள்ளியின் இசையாசிரியராக லைப்சிக் வந்தார். அப்பதவிக்கு நகர மன்றத்தார் முதலில் விரும்பியழைத்தது, முன்பு அவ்வூரில் மாணவராயிருந்த தெலமானையே. அவரோ அப்பொழுது ஹாம்பர்க் நகரில் இருந்தார். இவ்வழைப்பைக் காட்டி ஆங்கே தம் ஊதியத்தை உயர்த்திக்கொண்டு வாராதொழிந்தார். பாக் வந்தபின் கண்ட நிலை யாது? கோயிலிசைக்கு நகரத்தார் சம்பளம் கொடுத்து வைத்திருந்த கருவியாளர் எண்மரே. நல்லிசைக்குக் குறைந்தது பதினெண்மர் வேண்டும் என்பது அவர் கணக்கு. எஞ்சிய பதின்மர்க்கு எங்கே போவது? பள்ளிச் சிறுவரையும் பல்கலைக்கழக மாணவரையுமே நம்ப வேண்டியிருந்தது.

1730-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் பாக் நகர மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். இசை வரலாற்றில் அது பெரும்புகழ் பெற்ற ஆவணமாகும். தம் பள்ளி மாணவர் ஐம்பத்து நால்வருள் இசைக்குத் தக்கார் பதினெழுவர், இன்னும் பழக வேண்டியவர் இருபதின்மர், சிறிதும் தகாதார் பதினெழுவர் என்று அவர் வரையறுத்துக் காட்டினார். அதனோடு அமையாது மற்றொரு செய்தியையும் எடுத்துரைத்தார். முற்காலத்தில் பல்கலைக்கழக மாணவர் கோயிலிசைக்கு விருப்புடன் வந்து உதவினர். மன்றத்தார் அவர்க்குச் சிறு உதவித்தொகை அளித்து வந்ததே அதற்குக் காரணம். அத்தொகைகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. நிறுத்தவே மாணவரது ஊக்கமும் குன்றியது. கைம்மாறின்றி உழைப்பார் யாவர் என்பது அவர் வினாவின் கருத்து. டிரெஸ்டன் அரசவைக் கலைஞர் வயிற்றுக்கவலையின்றி ஒரு கருவியில் மாத்திரம் தேர்ச்சி பெறுவதையும் சுட்டி, கவலையற்றார்க்கே கலை கைகூடும் என்றும் அவர் உணர்த்தினார்.

அன்பர்காள்! இவ்விடத்து நாம் சற்றே நின்று கருத வேண்டும். நிறுத்தப்பட்ட தொகைகள் பெருந்தொகைகளல்ல. நகரக் கணக்கில் அவை சிறு செலவு. அச்செலவைக் குறைத்தமையால் மன்றத்தார் மிச்சப்படுத்திய பொருள் இன்று எங்கே? ஒருவரும் அறியார். அக்குறைப்பால் வந்த கேட்டைக் கூறும் விண்ணப்பமோ முந்நூறு ஆண்டு அணுகியும் உலகெங்கும் படிக்கப்படுகின்றது. மேலும், இளைஞர் ஊக்கம் ஒருநாளில் அற்றுப்போவதன்று. முதலில் ஒருவன் வாரான். பின் இருவர் வாரார். கடைசியில் அழைப்பாரும் அழைப்பதை நிறுத்திவிடுவர். கொடை குறைவதால் வரும் கேடு ஓசையின்றி வருவது.

பாக் இதற்குள் வேறொரு வழி தேடியிருந்தார். 1729-ஆம் ஆண்டிலேயே தெலமான் தொடங்கிய மாணவர் கழகத்தின் தலைமையை அவர் ஏற்றார். 1737 வரையும், பின்னர் 1739 முதற் சில ஆண்டும் அதனை நடத்தினார். காப்பியைப் பற்றி அவர் இயற்றிய நகைச்சுவைப் பாடல் நாடகமும் அக்காலத்ததே. 1736-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அச்சுக்குறிப்பு, இக்கழகங்களில் வாசிப்போர் பெரும்பாலும் அவ்வூர் மாணவரே என்றும், அவருட் சிலர் பின்னர்ப் பெரும்புகழ் எய்துவர் என்றும் கூறுகின்றது. ஆயினும், ஒரு தலைவரது ஆற்றலையும் ஒரு கடைக்காரரது ஆதரவையும் மாத்திரம் பற்றுக்கோடாகக் கொண்ட கழகம் எத்துணைக் காலம் நிற்கும்? சிம்மெர்மான் 1741-இல் இறந்தார். பாக்கும் அக்கழகத்தினின்று விலகினார். பழைய கழகம் தளர்ந்தது.

இந்நிலையில்தான் வணிகர் கொடை முறைப்படத் தோன்றியது. 1743-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், பிரபுக்களும் வணிகக் குடியினருமாகிய பதினறுவர் கூடி 'பெரிய இசையரங்கு' என்ற பெயரால் ஒரு சங்கம் அமைத்தனர். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 20 தாலர் கொடுப்பது; அதனையும் ஒருசேரக் கொடாமல் காலாண்டுக்கு ஒரு பொற்காசு வீதம் கொடுப்பது; கொடையாளர் பதினறுவர்க்குத் தக வாசிப்போரும் பதினறுவர். ஆண்டுக்கு ஆகத்தொகை 320 தாலர். பாக் தம் ஆண்டு வருவாயை ஏறக்குறைய 700 தாலர் என்று ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். ஆகவே, ஓர் ஆசிரியர் வருவாயிற் பாதிக்கும் குறைந்த தொகையைக் கொண்டு ஒரு நகரத்தின் பல்லியத்தை அப்பதினறுவர் நிலைநிறுத்தினர். இதனினும் வியப்பு யாது? ஒருவர் தலையில் முழுச்சுமையையும் ஏற்றாது பலர் தோளிற் பகிர்ந்தமையே இதன் சிறப்பு. அவருள் ஒருவர் இறப்பினும், ஒருவர் மனம் மாறினும், சங்கம் குலையாது.

முதலில் தனியார் இல்லங்களிற் கூடிய அச்சங்கம், 1744-இல் 'மூன்று அன்னங்கள்' என்னும் விடுதிக்கு மாறியது. 1751-ஆம் ஆண்டில் சட்டம் பயில வந்த யோகான் ஆதாம் ஹில்லெர் என்னும் மாணவர் அதில் குழல் வாசித்தும் பாடியும் பழகினார். 1756-இல் ஏழாண்டுப் போர் மூண்டது. பிரஷியப் படைகள் லைப்சிக் நகரைக் கைப்பற்றிப் பெருந்தண்டம் விதித்தன, இசையும் நின்றது. 1763-இல் போர் ஓய்ந்தவுடன் அவ்விசையை மீட்டு எழுப்பியவர் யார்? முன்னாளில் மாணவராய் அதில் வாசித்த அந்த ஹில்லெரே. மாணவனுக்கு ஈந்தது வீண்போகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1781-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், நகரத் தலைவர் முல்லெர் என்பாருடைய முயற்சியால் அப்பல்லியத்துக்கென ஒரு தனியரங்கம் திறக்கப்பட்டது. எங்கே எனின், துணி வணிகர் தம் சரக்கை விற்றுவந்த மன்றத்தின் மேல்மாடியில். துணி மன்றத்தை ஜெர்மன் மொழியில் 'கெவாண்ட்ஹவுஸ்' என்பர். அப்பெயரே பல்லியத்துக்கும் பெயராயிற்று. இன்றும் உலகப் புகழ் வாய்ந்த அப்பல்லியத்தின் பெயரைக் கூறுந்தோறும், அறிந்தோ அறியாமலோ, துணி வணிகரை நினைவுகூர்கின்றோம். அரண்மனைப் பெயர் தாங்கிய இசைக்குழுக்கள் பலவுள. துணிக்கிடங்கின் பெயரைப் பெருமையாகத் தாங்கி நிற்பது இதுவே.

ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. பல்லியம் வளர வளர, அது தொழிற்கலைஞர் குழுவாயிற்று. கற்கும் இளைஞர்க்கு அதன்கண் இடம் சுருங்கியது. முன்பு வாசித்தே கற்றனர். இனிக் கற்ற பின்னரே வாசித்தல் கூடும் என்றாயிற்று. அங்ஙனமாயின் கற்பது எங்கே? இவ்வினாவுக்கு விடை தந்ததும் ஒரு கொடையே.

ஹைன்ரிக் புளூம்னெர் என்னும் நீதித்துறை அதிகாரி 1839-இல் இறந்தார். அவர் தம் மரணசாசனத்தில் 20,000 தாலரை ஒதுக்கி, கலைக்கோ அறிவியலுக்கோ பயன்படும் ஒரு நிலையத்துக்கு ஆகுமாறு அதனைச் சாக்சனி மன்னர் கருத்துக்கு விட்டுச்சென்றார். 1835 முதல் கெவாண்ட்ஹவுஸ் பல்லியத்தை நடத்திவந்த பெலிக்ஸ் மெண்டெல்ஸோன், 1840-ஆம் ஆண்டில், அப்பொருள் கொண்டு ஓர் இசைக்கல்லூரி நிறுவுமாறு வேண்டினார். மன்னரும் இசைந்தார். 1843-ஆம் ஆண்டு ஏப்பிரல் 2-ஆம் நாள் கல்லூரி தொடங்கியது. அதன் இல்லம் துணி மன்றத்தின் முற்றத்திலேயே அமைந்தது. ஷூமான், டாவிட், ஹௌப்ட்மான் முதலியோர் ஆங்கே ஆசிரியராயினர். பதினறுவர் சங்கம் அமைத்து நூறாண்டு நிறைந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தமை கருதத்தக்கது.

அக்கல்லூரியிற் பயின்றார் பலர். நார்வே நாட்டு கிரீக் 1858-இல் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தினின்று ஆர்தர் சல்லிவன் என்னும் இளைஞரும் வந்தார். சல்லிவன் வந்த வகையும் கொடையின் வகையே. மெண்டெல்ஸோன் 1847-இல் தம் முப்பத்தெட்டாம் வயதில் இறந்தார். அவர் நினைவாக 1848-இல் லண்டனில், அவர் இயற்றிய 'எலியா' என்னும் பேரிசைப் பாடலைப் புகழ்பெற்ற பாடகியார் ஜென்னி லிண்ட் முதலியோர் பாடினர். அவ்வரங்கில் திரண்ட பொருளே மூலதனமாகி, மாணவர்க்கு உதவும் மெண்டெல்ஸோன் உபகாரச் சம்பளமாயிற்று. அதனை 1856-இல் முதன்முதற் பெற்றவர் பதினான்கு வயதுச் சல்லிவன். ஓர் இரவு பாடிய பாட்டு, பத்தாண்டு கழித்து ஒரு சிறுவனைக் கடல் கடத்திக் கல்வி கற்பித்தது.

பின்னர், 1880-இல் இறந்த கிராசி என்னும் லைப்சிக் வணிகர், இருபது இலக்கத்துக்கு மேற்பட்ட மார்க் பொருளை நகரத்துக்கு விட்டுச்சென்றார். 1884-இல் எழுந்த புதிய இசையரங்குக்கு அக்கொடையும் உதவிற்று. இரண்டாம் உலகப் போரில் 1944-ஆம் ஆண்டு குண்டுவீச்சால் அவ்வரங்கு பாழ்பட்டது. 1981-இல் மூன்றாம் அரங்கு எழுந்தது. இடையே ஓர் இழிசெயலும் நிகழ்ந்தது. மெண்டெல்ஸோன் யூத குலத்திற் பிறந்தவர் என்பதே காரணமாக, நாசிகள் 1936-ஆம் ஆண்டில் அவர் சிலையைப் பெயர்த்தெறிந்தனர். எறிந்தவர் ஆட்சி ஒன்பதாண்டில் அழிந்தது. அவர் நிறுவிய கல்லூரியோ இன்று அவர் பெயரையே தாங்கிய இசை நாடகப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. சிலையும் 2008-இல் மீள நிறுவப்பட்டது. குலம் நோக்கிக் கலைஞனை அளப்பார்க்கு வரலாறு கூறும் தீர்ப்பு இது. ஒரு குலத்தாரது சங்கப் பத்திரிகையில் எழுதும் நாம் இதனை மறையாது கூறுதல் கடமையெனக் கருதுகின்றோம்.

லைப்சிக் நமக்கு முற்றும் அயலூருமன்று. அந்நகரத்துக் கிறித்தவ சங்கத்தின் தலைவராயிருந்த கார்ல் கிரவுல் என்பார் 1849 முதல் 1853 வரை இந்நாடு போந்து திரும்பியவர். தமிழ் கற்று, கைவல்லிய நவநீதத்தையும் திருக்குறளையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்து லைப்சிக்கில் அச்சிட்டவர். வள்ளுவனார் நூல் 1856-இல் அம்மொழியில் வெளிப்பட்டது. கிரீக்கும் சல்லிவனும் இசை பயின்ற ஊரிலேயே, அதற்கு ஈராண்டு முன்னர், குறள் அச்சேறியது என்று எண்ணுங்கால் நம் நெஞ்சம் உவக்கின்றது.

இனி, இவ்வரலாற்றால் நாம் அறிவன யாவை? கொடை மூவகையாக வந்தது. முதலாவது இடம். இரண்டாவது, பலர் கூடித் தவணை தவறாது ஈந்த சிறுதொகை. மூன்றாவது, முதல் அழியாது நின்று பயன் தரும் மூலதனம். இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்தன. முதலிலேயே பேரறக்கட்டளை வேண்டுமென்று காத்திருந்தாரேல் லைப்சிக் மாணவர் ஒருநாளும் வாசித்திரார்.

'ஏழைப் பிள்ளைகள் கட்டணத்துக்கே பொருள் போதாதபொழுது இசைக்கு ஈவது தகுமோ?' என்பார் உளர். அவர் கூற்றைப் புறக்கணியோம். சோறும் கட்டணமும் முற்பட்டன. அவற்றைக் குறைத்து இசைக்கு ஈக என்று நாம் கூறவில்லை. ஆயின், கல்யாணப் பந்தலில் ஒரு நாழிகை வாணவேடிக்கைக்கு ஆகும் பொருள், ஒரு கல்லூரிப் பல்லியத்துக்கு ஓராண்டு நரம்பும் வில்லும் வாங்கப் போதும். அப்பொருளையே நாம் கேட்கின்றோம்.

நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். சங்கக் கட்டடத்தின் கூடம் மாலைதோறும் பூட்டிக் கிடக்கின்றது. வாரத்தில் ஒருநாள் அதனைக் கல்லூரி மாணவர் கூடிப் பழகத் திறந்துவிடுக. பதினறுவர் வேண்டா, எண்மர் முன்வந்து காலாண்டுக்கு ஒரு தொகை தவறாது தருக. மூன்றாவதாக, வாங்கும் இசைக்கருவிகளைச் சங்கத்தின் உடைமையாக வைத்து, எக்குலத்துப் பிள்ளையாயினும் வாசிக்கத் தெரிந்தவனுக்கு இரவலாகக் கொடுக்க. 'எம் வீட்டு மணத்துக்கு வந்து வாசிக்க வேண்டும்' என்ற நிபந்தனை மாத்திரம் விதியாதிருப்போமாக. ஈந்ததைக் கூலியாக மாற்றின் அது கொடையன்று.

நாம் முன்கூறிய மாணாக்கன் இப்பொழுது ஓர் அலுவலகத்திற் கணக்கெழுதுகின்றான். அவன் விரல்களுக்கு இனிப் பழம்பயிற்சி மீளுமோ, மீளாதோ, நாம் அறியோம். அவனைப் போன்ற மற்றொருவன் வரும் ஆண்டில் கல்லூரி புகுவான். அவன் கையிலுள்ள கருவி விலைப்படாதிருக்குமாறு செய்தல் நம் கையில் உள்ளது.